கம்பம் ஏறுகிறவனுக்குக் கதி என்ன?

தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டிக்குப் போகும் பாதையில் சென்ற வாரம் நாம் வந்த பஸ் பழுதாகி நின்றுவிட்டது. இறங்கி நடந்தோம். சற்றுத் தூரத்தில் நாலு பேர் மின்கம்பத்தில் கறுப்புக் கம்பி இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மூங்கில் ஏணியில் நின்றான். கையில் உறையில்லை, இடுப்பில் வார் இல்லை. தலைக்கு மேல் மூன்றடியில் மின்சாரக் கம்பி ஓடுகிறது. ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த பையன் ஊத்தங்கரைப் பக்கத்தான். மற்ற இருவர் ஜார்க்கண்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

"கரண்டை நிறுத்தியிருக்கிறார்களா தம்பி?" என்று கேட்டோம்.

"போன் பண்ணியிருக்காங்க சார்" என்றான்.

யார் போன் பண்ணினார், யாருக்குப் பண்ணினார் என்று அவனுக்குத் தெரியாது. இது யாருடைய கம்பி என்றும் தெரியாது. மேஸ்திரிக்குத் தெரியும் என்றான். டீக்கடையில் உட்கார்ந்திருந்த மேஸ்திரியோ, தனக்குச் சேலத்தில் ஒரு கண்டிராக்டர் இருக்கிறார், அவருக்கு மேலே சென்னையில் ஒருவர், அதற்கு மேலே யாரென்று தான் கேட்டதில்லை என்றார். கம்பி கிலோமீட்டர் கணக்கில் போகிறது; கூலியும் கிலோமீட்டர் கணக்கில்தான். மழை பெய்து வேலை நின்றால் கூலியும் நின்றது.

அந்தக் கறுப்பு உறைக்குள் இருப்பது தாமிரமல்ல, கண்ணாடி. தலைமயிர் பருமனுள்ள கண்ணாடி இழைகள். அதற்குள் மின்சாரம் ஓடுவதில்லை, ஒளி ஓடுகிறது. கண்ணாடியின் மாசைப் போக்கினால் ஒளியைக் கொண்டே நெடுந்தூரம் செய்தி அனுப்பலாம் என்று 1966-ல் இங்கிலாந்தில் சார்லஸ் காவ் என்ற விஞ்ஞானி எழுதினார். 2009-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று கடலடியிலும் மலையிலும் ஓடுவது அந்த இழைதான். இரண்டு இழைகளை இணைக்க வேண்டுமானால், முனையைச் சீராக வெட்டி, ஒரு சிறு பெட்டிக்குள் எதிரெதிரே வைத்து, மின்பொறியால் உருக்கி ஒட்ட வேண்டும். வெட்டிய துணுக்கு விரலில் ஏறினால் கண்ணுக்குத் தெரியாது. சீழ் பிடித்த பிறகே தெரியும். இந்த நுட்பமான தொழிலைச் செய்கிறவனுக்கு உத்தியோகப் பெயர்கூட இல்லை. "கேபிள்காரப் பையன்" என்கிறோம்.

"கம்பி விஷயம் நமக்கெதற்கு தோழர்? அது பணக்காரர் வீட்டுச் சினிமா சமாச்சாரம்" என்று நம்மவர்களிலேயே சிலர் சொல்லுகிறார்கள். இது தவறு. ரேஷன் கடையில் விரல் வைத்து, மெஷின் சுற்றிச் சுற்றி நின்றுபோய், நாளைக்கு வா என்று திருப்பி அனுப்பப்பட்ட கிழவியைக் கேளுங்கள், கம்பி யாருக்கு வேண்டுமென்று அவள் சொல்லுவாள். நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் கைபேசியில் தினம் இரண்டு முறை போட்டோ பிடித்து அனுப்பினால்தான் வருகைப் பதிவு என்று கட்டாயமாக்கினார்கள். சிக்னல் இல்லாத மலையோரக் கிராமத்தில், வெயிலில் மண் வெட்டியவள் வராதவளாகலாம் அல்லவா? 2020-ல் பள்ளிக்கூடங்கள் மூடியபோது, வகுப்பைக் கேட்பதற்காகப் பாறைமேல் ஏறி உட்கார்ந்த பிள்ளைகள் யார் வீட்டுப் பிள்ளைகள்? நிச்சயமாக மாளிகைப் பிள்ளைகள் அல்ல.

ஓசூர் ஆலைத் தொழிலாளிக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. சிப்காட்டில் எந்தப் பெரிய தொழிற்சாலைக்குள் நுழைந்தாலும் வாசலிலேயே முகம் பார்க்கும் மெஷின். உள்ளே ஒவ்வொரு யந்திரத்திற்கும் ஒரு கம்பி. எட்டுச் சிறு தாமிரக் கம்பிகளை இரண்டிரண்டாக முறுக்கி ஒரே உறைக்குள் வைத்தது. ஓர் ஓட்டம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது அதன் விதி. நீங்கள் யந்திரத்தைவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போன நிமிஷத்தை அந்தக் கம்பி ஆபீசுக்குச் சொல்லிவிடுகிறது. உங்கள் நிமிஷத்தை எண்ணும் அந்தக் கம்பியை, கூரைக்கடியில் தவழ்ந்து தவழ்ந்து இழுத்தவன் யார்? பெங்களூரிலிருந்து ஒரு கண்டிராக்டர் கூட்டிவந்த ஆள். அவனுக்குப் 'பாயிண்டு'க்கு இவ்வளவு என்று பேச்சு. அவனுடைய நிமிஷத்தை யாரும் எண்ணுவதில்லை, ஏனெனில் இரவு பதினோரு மணியானாலும் அவனுக்கு ஓவர்டைம் கிடையாது!

இனி ஊருக்கு வருகிற கம்பியின் கணக்கைப் பார்ப்போம். நாட்டிலுள்ள சுமார் இரண்டரை லட்சம் ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுபோவது என்று 2011-ல் மத்திய மந்திரிசபை முடிவு செய்தது. 2015-ல் அதற்குப் 'பாரத்நெட்' என்று பெயர் மாற்றினார்கள். பெயர் வைக்கிற வேலை மட்டும் எந்த ஆட்சியிலும் தாமதமாவதில்லை. 2023 ஆகஸ்டில் மேலும் 1,39,579 கோடி ரூபாய்க்குத் திருத்தித் திட்டம் போட்டார்கள். பணம் எங்கிருந்து வந்தது? டெலிபோன் கம்பெனிகளின் வருமானத்தில் 100-க்கு 5 வீதம் வசூலித்த சேவை நிதியிலிருந்து. கம்பெனிகளின் வருமானம் எங்கிருந்து வந்தது? நாம் போட்ட ரீசார்ஜிலிருந்து. ஆகவே இந்தக் கம்பிக்கு ஏற்கெனவே நாம் காசு கொடுத்துவிட்டோம்.

நாம் காசு கொடுத்த இந்தக் கம்பியைத்தான் 2021 ஆகஸ்டில் மத்திய சர்க்கார் 'பணமாக்கும்' பட்டியலில் வைத்தது. பாரத்நெட்டும் பொதுத்துறையும் போட்ட 2.86 லட்சம் கிலோமீட்டர் இழை, பி.எஸ்.என்.எல்., எம்.டி.என்.எல். நிறுவனங்களின் 14,917 கோபுரங்கள், மொத்த மதிப்பு 35,100 கோடி என்று கணக்கெழுதித் தனியாருக்குக் குத்தகை காட்டினார்கள். ஏரி வெட்டியது ஊர், மீன் குத்தகை ஒருவருக்கு என்பது போலத்தான் இது.

தமிழ்நாட்டில் இந்த வேலைக்காக 2018-ல் சர்க்காரே ஒரு கம்பெனி அமைத்தது. 12,525 ஊராட்சிகள் அதன் கணக்கு. 2020-ல் டெண்டர் நிபந்தனைகள் போட்டியைக் குறுக்குகின்றன என்று மத்தியத் துறை தலையிட்டு அதை ரத்துச் செய்ய வைத்தது நினைவிருக்கலாம். பிறகு மறு டெண்டர் போட்டு, 2022 டிசம்பரில் கன்னியாகுமரி ஜில்லாவில் வேலை தொடங்கிற்று. சர்க்கார் கையில் கம்பி இருப்பதை நாம் வரவேற்கிறோம். ஆனால் கம்பெனி சர்க்காருடையது, கம்பம் ஏறுகிறவன் மட்டும் கண்டிராக்டருடையவன் என்பது என்ன நியாயம்?

நிலைமை எப்போதும் இப்படி இருந்ததில்லை. தபால் தந்தி இலாகாவில் டெலிபோன் கேபிளுக்காக ஆளுயரக் குழி தோண்டிய தினக்கூலிகள் ஆண்டுக்கணக்கில் தினக்கூலிகளாகவே கிடந்தார்கள். அவர்கள் சங்கமாகக் கூடினார்கள், வழக்காடினார்கள். 1987 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரே வேலையைச் செய்பவனுக்கு நிரந்தர ஊழியரின் குறைந்தபட்சச் சம்பள விகிதமாவது கொடு, அவர்களை வேலையில் சேர்த்துக்கொள்ளத் திட்டம் போடு என்றது. 1989-ல் திட்டம் வந்தது. பின்னாளில் நம் ஊர் ரோட்டில் காக்கிச் சட்டையும் தோளில் கம்பிச் சுருளுமாகச் சைக்கிளில் வந்த லைன்மேன்களில் பலர் அப்படி நிரந்தரமானவர்கள். நாம் சிறுவயதில் அவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டதுண்டு; அவருக்கு லீவு உண்டு, பென்ஷன் உண்டு, கம்பத்திலிருந்து விழுந்தால் ஆஸ்பத்திரியும் உண்டு.

2000 அக்டோபர் 1-ல் இலாகாவைக் கம்பெனியாக்கினார்கள். தனியார் கம்பெனி 2016-ல் நாடு முழுவதும் 4ஜி விற்கத் தொடங்கிற்று, பி.எஸ்.என்.எல்.-லுக்கு அது 2025 செப்டம்பரில்தான் கிடைத்தது. கையைக் கட்டிப்போட்டு ஓடச் சொன்னார்கள், தோற்றுவிட்டான் என்று கைகொட்டினார்கள். 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் ஏறத்தாழ 78,500 பி.எஸ்.என்.எல். ஊழியர்கள் 'விருப்ப' ஓய்வில் வெளியேறினார்கள். அவர்கள் போனார்கள், கம்பியும் கம்பமும் போகவில்லை. அந்த வேலையைத்தான் இன்று மூங்கில் ஏணிப் பையன் செய்கிறான்.

சட்டம் அவனைக் காப்பாற்றாதா? 1970-ம் வருஷத்துக் கண்டிராக்ட் தொழிலாளர் சட்டம் 20 பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் கண்டிராக்டர்களுக்குப் பொருந்தியது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த புதிய தொகுப்பில் அந்த எண்ணிக்கை 50. நாலு பேர், பத்துப் பேராகக் கம்பி இழுக்கும் கோஷ்டியை எந்தக் கணக்கில் பிடிப்பது? சேலத்து கண்டிராக்டரின் எல்லா கோஷ்டிகளையும் கூட்டினால் 50-க்கு மேலாகத்தான் இருக்கும்; ஆனால் காகிதத்தில் ஒவ்வொரு மேஸ்திரியும் ஒரு 'கண்டிராக்டர்'. தந்திரம் அங்கேதான் இருக்கிறது.

ஆனாலும் நம்மவர் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. கட்டடத் தொழிலாளர் என்றால் கொத்தனாரும் சித்தாளும் மட்டுமல்லர். 1996-ம் வருஷத்துச் சட்டம் மின்கம்பி, டெலிபோன், தந்தி, டெலிவிஷன் சம்பந்தமான அமைப்பு வேலைகளையும், அவற்றைப் பழுதுபார்ப்பதையும் கட்டுமான வேலை என்றே எழுதிற்று. புதிய தொகுப்பிலும் அந்த வாசகம் போகவில்லை. அப்படியானால் கேபிள் இழுக்கும் பையனும் நலவாரியத்தில் பதியக் கேட்கலாம். "டி.வி. கேபிள் வேலையா, அது இங்கே இல்லை" என்று மேஜைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தால் நம்பிவிடக் கூடாது, எழுதிக் கொடுங்கள் என்று கேட்க வேண்டும். அதுபோல, கண்டிராக்டர் ஆளுக்கும் முதன்மை முதலாளியே முதலில் பொறுப்பு என்பது ஈ.எஸ்.ஐ. முறையில் நெடுநாளைய விதி. விபத்து நஷ்டஈட்டில் 1923-லிருந்தே அந்த விதி உண்டு. வெள்ளைக்காரன் எழுதியதையாவது நம்முடைய கம்பெனிக்காரர்கள் மதிக்கட்டும்!

கேரளத்தைப் பாருங்கள். இணையத் தொடர்பு கல்வியுரிமையோடு சேர்ந்தது என்று 2019 செப்டம்பரில் கேரள ஹைகோர்ட் ஒரு மாணவியின் வழக்கில் தீர்ப்பளித்தது. 2023 ஜூன் 5-ல் அங்கு இடது ஜனநாயக முன்னணி சர்க்கார், மின்வாரியக் கம்பங்களின் வழியே தன் சொந்த இழை வலையைத் தொடங்கிவைத்தது. 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவசம் என்பது இலக்கு. முதல் கட்டம் 14,000 குடும்பங்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை நாம் மறைக்க விரும்பவில்லை. ஆனால் கம்பி கடைச்சரக்கல்ல, தண்ணீர்க் குழாய் போன்றது என்று ஒரு சர்க்கார் சொல்லத் துணிந்தது. அதை இங்கே நாம் கேட்கலாம்.

கிருஷ்ணகிரி ஜில்லாவில் நாம் கேட்பது இவ்வளவே. தளி, கெலமங்கலம், அஞ்செட்டிப் பக்கத்து ஊராட்சி ஆபீசுகளில் கம்பி வந்து சேர்ந்திருக்கிறதா, வந்த பெட்டியில் விளக்கு எரிகிறதா, பூட்டிய அறையில் தூசி படிந்து கிடக்கிறதா என்று ஊராரே போய்ப் பார்க்க வேண்டும். பெட்டி ஆபீசோடு நிற்கக் கூடாது. அங்கிருந்து பள்ளிக்கூடத்திற்கும் ரேஷன் கடைக்கும் ஒரு கம்பி இழுக்க எத்தனை நாள் பிடிக்கும்? கம்பம் ஏறுமுன் மின்சாரத்தை நிறுத்தியதற்கு மின்வாரிய ஆள் நேரில் வந்து எழுத்தில் கொடுக்க வேண்டும். போன் செய்தோம் என்ற கதை வேண்டாம். இடுப்பு வாரும் கையுறையும் கண்டிராக்டர் செலவில் தரவேண்டும். கோஷ்டியில் வேலை செய்யும் ஒவ்வொருவர் பெயரும் ஒரு பதிவேட்டில் இருக்க வேண்டும், ஜார்க்கண்டுக்காரன் பெயரும்தான். அவன் மொழி நமக்குப் புரியாமலிருக்கலாம். தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே டீக்கடையில் பேசுகிற ஊர் நம்முடையது. நாலாவதாக ஒன்று வந்தால் இடமில்லாமலா போகும்?

மே 1 அன்று கிராம சபை கூடும் நாள். அன்று காலை கொடி ஏற்றிய கையோடு விவசாயத் தொழிலாளர் தோழர்கள் சபைக்குப் போய், ஊராட்சிக் கம்பியைப் பற்றிய கேள்வியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். ஓசூர் ஆலைச் சங்கத் தோழர்கள் தங்கள் தொழிற்சாலைக்குள் கம்பி இழுக்க வரும் ஆட்களிடம் இரண்டு வார்த்தை பேசி, பெயரும் ஊரும் மேஸ்திரி பெயரும் குறித்துச் சங்க ஆபீசில் கொடுங்கள். அஞ்செட்டிப் பாதையில் பார்த்த அந்த நால்வரின் பெயர்களை நாம் குறித்துக்கொண்டோம். ஊத்தங்கரைப் பையனின் நலவாரிய மனு இந்த வாரம் எழுதப்படுகிறது.