டிக்கோயாத் தேயிலை: சுவைக்கு விலை உண்டு, ஊருக்குக் காணி இல்லை

பிரான்சின் ஜூரா மலையடிவாரத்தில் விளையும் மெல்லிய சிவப்பு வைனை இப்போது வெளியூர்களிலும் தேடி வாங்குகிறார்கள். போத்தலில் 'ஆர்புவா' என்ற ஊர்ப்பெயர் இருக்கும்; 1936 முதல் அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. திராட்சைத் தோட்டக்காரர் பலர் தாங்களே வைனும் தயாரிப்பதால் பெயரின் இலாபம் ஊரிலேயே தங்குகிறது.

சுமார் 4,000 அடி உயரத்து டிக்கோயாத் தேயிலையும் இளஞ்சாயம், நல்ல மணம் கொண்டதுதான். ஆனால் அது திம்புள்ள வலயத்துக்குள் அடங்கி, கொழும்பு ஏலத்தில் கைமாறி, 'சிலோன் டீ' என்றே கப்பலேறுகிறது. கொழுந்து பறிப்பவருக்கு 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயானது. பலருக்கு இன்னும் லயன் அறைதான். காணி உறுதி இல்லை.

சம்பளப் பேச்சு மட்டும் இதை மாற்றாது. சொந்தக் காணி இருந்தால்தான் பெயரின் விலை ஊருக்கு வரும். காணி இழப்பின் வலியை வடக்கு, கிழக்குக்கு விளக்கத் தேவையில்லை. மலையகத்தின் காணிக் கோரிக்கையும் நமதே.