கட்டளை வரியும் கலப்புச் செயலியும்: ஒரு மறுப்பு

இணையப்பக்கங்களை எழுத உதவும் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றால் ஆக்கப்பட்டு, கைப்பேசிக்குள் இருக்கும் வெப்வியூ என்னும் உலாவிக்கூறின் துணையோடு இயங்கும் செயலியே கலப்புச் செயலி எனப்படும். ஆண்ட்ராய்டுக்கு ஒரு முறை, ஐபோனுக்கு மறுமுறை என இருமடங்கு செலவிட இயலாத தியாகராய நகர்ச் சிறுகடைக்கும், மயிலாப்பூர்ப் பதிப்பகத்துக்கும், அடையாற்றுப் பயிற்சி நிலையத்துக்கும் இவ்வகைச் செயலி பொருத்தமானது. இவற்றை ஆக்கித் தருவோரிடையே ஒரு கருத்து வேரூன்றியிருக்கிறது. செயலியை எழுதுவதோடு நிரலரின் பணி முடிந்துவிடுகிறது என்றும், வெளியீட்டுக்குரிய பொதியைக் கட்டுவதைத் திரையிலுள்ள பொத்தானிடமோ இணையவழிச் சேவையிடமோ ஒப்படைத்துவிடலாம் என்றும், கட்டளைகளைத் தட்டச்சு செய்து கணினியை இயக்கும் கட்டளை வரி வல்லுநர்க்கே உரியது, சிறு நிறுவனத்துக்கு அது வீண்சுமை என்றும் அக்கருத்து கூறுகிறது. அதன் கூறுகளைத் தனித்தனியே ஆராய்ந்தால் அவற்றுள் பெரும்பாலானவை நிலைக்கமாட்டா.

கட்டளை வரி கடினமானது என்பதே முதல் வாதம். செயலியை ஆக்க உதவும் திரைச்சூழலான ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் கையொப்பமிட்ட பொதியை உருவாக்கும் பொத்தானை அழுத்தினால் பின்னணியில் இயங்குவது கிரேடில் என்னும் கட்டமைப்புக் கருவி. கலப்புச் செயலிகளை ஆக்க உதவும் கார்டோவா என்னும் கருவியின் பில்டு கட்டளையை ரிலீஸ் என்ற விருப்பத்தோடு இட்டாலும் இயங்குவது அதே கிரேடில்தான். ஆகவே வேலை ஒன்றே. படிகள் கண்ணுக்குத் தெரிகின்றனவா, மறைகின்றனவா என்பது மட்டுமே வேறுபாடு. பிழை நேரும்போதுதான் இவ்வேறுபாட்டின் பயன் விளங்கும். விண்டோஸ் கணினியில் திட்டக் கோப்புறைக்கு 'மயிலை விழா' என்று தமிழில் பெயரிட்டால், பாதையில் ஆஸ்கி அல்லாத எழுத்துகள் உள்ளன என்று எச்சரித்துக் கட்டமைப்பு நின்றுவிடுகிறது. செய்தியைப் படித்தவர் கோப்புறையின் பெயரை மாற்றியதும் வேலை தொடர்கிறது. அதுபோலவே, பதிப்பு எண் 2.4.1 எனக் குறித்தால் கார்டோவா அதை 20401 என்ற முழு எண்ணாக மாற்றிப் பொதியில் பொறிக்கிறது. அடுத்த பொதியின் எண் அதனினும் பெரிதாக இல்லையெனில் பிளே ஸ்டோர் ஏற்பதில்லை. இதை அறிந்தவர்க்கு அந்த மறுப்பு புதிராக இராது.

இரண்டாவது வாதம் பாதுகாப்பைப் பற்றியது. இதுவே மிகுந்த கவனத்துக்குரியது. கையொப்பமிடாத பொதியை எந்த ஆண்ட்ராய்டு கைப்பேசியும் நிறுவிக்கொள்ளாது. கையொப்பமிடுவதற்கான சாவிக்கோப்பைக் கீடூல் என்னும் கருவி உருவாக்குகிறது. உரியவரின் பெயர், நிறுவனம், ஊர், மாநிலம், இரண்டெழுத்து நாட்டுக் குறியீடு ஆகியவற்றை அது ஒவ்வொன்றாகக் கேட்டுப் பதிந்துகொள்கிறது. சான்றிதழின் ஆயுளைப் பலரும் 10,000 நாள் என இடுவர். 2033 அக்டோபர் 22-க்குப் பின்னும் செல்லுபடியாகும் சான்றிதழையே பிளே ஸ்டோர் ஏற்கும் என்பது அதற்கு ஒரு காரணம். ஒரு செயலியின் புதிய பதிப்பு பழைய பதிப்பை வெளியிட்டவரிடமிருந்தே வருகிறது என்பதற்கு இந்தச் சாவியன்றி வேறு சான்று இல்லை. பொத்தானும் இணையவழிச் சேவையும் பாதுகாப்பானவை என்போர், அச்சேவைகளிடம் சாவியையும் கடவுச்சொல்லையும் ஒப்படைக்க வேண்டியிருக்கிறது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

கட்டளை வரியில் இட்ட கடவுச்சொல் முனையத்தின் வரலாற்றுக் கோப்பில் தங்கிவிடும் என்ற எதிர்வாதம் உண்மையே. ஆனால் அது வழக்கத்தின் குறையேயன்றி முறையின் குறையன்று. கையொப்பமிடும் ஏபிகேசைனர், கடவுச்சொல்லைச் சூழல் மாறியிலிருந்தோ தனிக்கோப்பிலிருந்தோ பெறவல்லது. எதையும் குறிப்பிடாவிட்டால் அதுவே கேட்டுப் பெற்றுக்கொள்ளும். 2021 ஆகஸ்டு முதல் புதிய செயலிகளின் இறுதிச் சாவியைக் கூகுளே காப்பதால் இக்கவலை தேவையற்றது என்றும் சொல்லப்படுகிறது. அதற்குப் பின்னும், பொதியைப் பதிவேற்றுமுன் கையொப்பமிடும் பதிவேற்றச் சாவி நிரலரிடமே இருக்கிறது. அது தொலைந்தால் மாற்றிக்கொள்ளலாம், எனினும் அதைக் கோரும் உரிமை பிளே கணக்கின் உரிமையாளரைச் சார்ந்தது. கூகுளே சாவியைக் காக்கும் அத்திட்டத்தில் சேராத பழைய செயலியின் சாவி தொலைந்தாலோ புதிய பதிப்புக்கு வழியே இல்லை. வேறொரு பொதிப்பெயரில் மீண்டும் வெளியிட்டுப் பயனர் அனைவரையும் புதிதாக நிறுவச் சொல்ல வேண்டியதுதான்.

இணையவழிச் சேவை என்றும் நிலைத்திருக்கும் என்பது மூன்றாவது நம்பிக்கை. 2008-இல் தோன்றிய ஃபோன்கேப் என்னும் கருவி, அதை ஆக்கிய நிடோபி நிறுவனத்தை 2011-இல் அடோபி வாங்கியபின் அப்பாச்சி அறக்கட்டளைக்கு அளிக்கப்பட்டுக் கார்டோவா ஆயிற்று. அடோபி நடத்திய ஃபோன்கேப் பில்டு சேவையோ, நிரலையும் சாவியையும் பதிவேற்றினால் பொதியைக் கட்டித் தந்தது. 2020 அக்டோபர் 1-இல் அது மூடப்பட்டது. பொதிகளைக் கட்டித் தந்த மற்றொரு சேவையான மைக்ரோசாஃப்டின் ஆப் சென்டர் 2025 மார்ச் 31-இல் ஓய்வுபெற்றது. பொத்தானை மட்டும் அறிந்தவர் ஒவ்வொரு முறையும் புதிய சேவை தேட நேர்ந்தது. கட்டளைகளை அறிந்தவர் கட்டற்ற மென்பொருளான கார்டோவாவைத் தம் கணினியிலேயே இயக்கினர்.

கட்டளை வரிக்கு வலிய கணினி வேண்டும் என்பது தலைகீழான கூற்று. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவுக்குக் குறைந்தது 8 ஜிபி நினைவகம் வேண்டும். கட்டளை வரிக் கருவிகளை மட்டும் நிறுவினால் அந்தத் திரைச்சூழலின் சுமை முழுதும் நீங்குகிறது. கிரேடிலும் நினைவகத்தை உண்ணும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் 2011 முதல் நந்தனத்திலுள்ள அரசு நிறுவனமான எல்காட் கொள்முதல் செய்து, தமிழக அரசு மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளுள் பல 8 ஜிபியை எட்டாதவை. அவற்றோடு தொழிலைத் தொடங்கும் இளைஞர்க்கு இவ்வேறுபாடு சிறிதன்று. தமிழில் கற்க வழியில்லை என்பதும் சரியன்று. ஐஐடி மெட்ராஸ் வளாகத்தில் மாதந்தோறும் கூடிவந்த சென்னை லினக்ஸ் பயனர் குழுவும், 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதிவரும் கணியம் மின்னிதழும் அவ்வழியை முன்பே திறந்துவைத்துள்ளன.

எதிர்த்தரப்பில் ஏற்கத்தக்கவையும் உண்டு. ஐபோனுக்கான பொதியைக் கட்ட மேக் கணினியும் அதில் இயங்கும் எக்ஸ்கோடு என்னும் மென்பொருளும் இன்றியமையாதவை. மேக் இல்லாத குழுவுக்கு இணையவழிச் சேவை நியாயமான தேர்வே. பிளே ஸ்டோரில் செயலியை முதன்முதலாகப் பதிவுசெய்வதும், விவரங்களை நிரப்புவதும், 2023 நவம்பர் 13-க்குப் பின் தொடங்கிய தனிநபர் கணக்கெனில் 12 சோதனையாளரை 14 நாள் தொடர்ந்து வைத்திருந்து காட்டுவதும் உலாவியில் செய்யவேண்டியவையே. இவை கட்டளை வரியின் எல்லையைக் காட்டுகின்றனவேயன்றி அதன் பயனைக் குறைக்கவில்லை.

எஞ்சுவது மிகப் பெரிய பயன். கட்டளைகளை வரிசையாக ஒரே கோப்பில் எழுதிவைத்தால், எந்தப் பதிப்பு எண், எந்தச் சாவி, பொதிக்குள் கோப்புகளைச் சீரமைக்கும் ஜிப்அலைன் முன்னும் ஏபிகேசைனர் பின்னுமாக எந்த வரிசை என்பன யாவும் படிக்கத்தக்க ஆவணமாகிவிடும். மார்கழிக் கச்சேரி அட்டவணைக்காகச் செயலி வைத்திருக்கும் ஒரு சபா, அதை ஆக்கியவர் வேறு வேலைக்குப் போனபின்பும், அடுத்து வருபவரிடம் அக்கோப்பைக் கொடுத்து இசைவிழாவுக்குள் புதிய பதிப்பை வெளியிட்டுவிடலாம். ஆகவே செயலிக்குப் பணம் கொடுக்கும் ஒவ்வொருவரும், பிளே கணக்கைத் தம் பெயரிலேயே திறக்க வேண்டும். நிரலோடு சாவிக்கோப்பையும், கடவுச்சொல்லையும், கட்டளைக் கோப்பையும் ஒப்படைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய பிறகே கடைசித் தவணையைக் கொடுக்க வேண்டும்.