நிறுத்தத் தெரிந்தபின் சுற்றவிடுங்கள்

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் பழைய மிளகுக் கிடங்கைத் தங்கும் விடுதியாக்கிய ஒருவர் உங்களை அழைத்து, "மேலே ஒரு சின்னக் காற்றாலை வைத்து இன்வெர்ட்டர் பேட்டரியை சார்ஜ் ஏற்றிக் கொடுங்கள்" என்று கேட்டால், முதல் பதில் "கூரை மேல் வைக்க மாட்டேன்" என்பதாக இருக்கட்டும். இரண்டாவது பதில், "காற்றை அளக்காமல் எங்கேயும் வைக்க மாட்டேன்." இரண்டையும் கேட்டபிறகும் அவர் முகம் சுளிக்காமல் உட்கார்ந்திருந்தால் மேற்கொண்டு பேசலாம். கைக்கு வந்த வேலையைத் தட்டிவிடச் சொல்கிறாரே ஆசிரியர் என்று தோன்றும். வேண்டாத இடத்தில் நிறுத்திய காற்றாலை ஒரு மழைக்காலத்துக்குள் நின்றுவிடும். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் யாரும் நம்மை எந்த வேலைக்கும் கூப்பிட மாட்டார்கள்.

ஆரல்வாய்மொழியிலும் பாலக்காட்டுக் கஞ்சிக்கோட்டிலும் ராமக்கல்மேட்டிலும் பெரிய காற்றாலைகள் சுற்றுவதைப் பார்த்தவர்கள், கடலோரக் கொச்சியில் காற்றுக்கு என்ன குறை என்று நினைப்பது இயல்புதான். அங்கெல்லாம் கணவாயும் மலை விளிம்பும் காற்றை ஒடுக்கி வேகத்தைக் கூட்டிவிடுகின்றன. மட்டாஞ்சேரிக்கு அந்த வசதி கிடையாது. கோடையில் மதியத்துக்குமேல் கடற்காற்று எழும், இருட்டியதும் அடங்கும். இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்து மழையோடு வீசும். அதுவும் சீரான காற்றல்ல, விட்டு விட்டு மோதும் காற்று.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2 மீட்டர் விட்டமுள்ள சுழலியின் பெட்டியில் 500 வாட் என்று அச்சிட்டிருக்கும். எந்த வேகத்தில் 500 வாட் என்று சின்ன எழுத்தில் தேடினால் விநாடிக்கு 11 மீட்டர், சிலவற்றில் 12 மீட்டர் என்று இருக்கும். காற்றின் ஆற்றல் வேகத்தின் கனத்தோடு ஏறி இறங்குவது; வேகம் பாதியானால் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். சுழலும் பரப்பு 3.14 சதுர மீட்டர். கொச்சியின் வெப்பத்தில் காற்றின் அடர்த்தியைக் கன மீட்டருக்கு 1.16 கிலோ என்று வைத்துக்கொண்டு, இறக்கையும் ஆல்டர்னேட்டரும் ரெக்டிஃபயரும் சேர்ந்து அந்த ஆற்றலில் கால்பங்கைப் பிடிக்கும் என்று எடுத்தால், 10 மீட்டர் வேகத்தில் 455 வாட் வரும். 5 மீட்டரில் 57 வாட். 3 மீட்டரில் வெறும் 12 வாட், ஒரு எல்.இ.டி. பல்பின் தேவை. ஆண்டுச் சராசரி 3 மீட்டர் உள்ள இடத்தில், இடையிடையே வரும் பலத்த காற்றையும் சேர்த்து, ஒரு நாளைக்குச் சுமார் அரை யூனிட் கிடைத்தால் அதிகம். அந்த அரை யூனிட்டை 150 வாட் சோலார் பேனல் ஒன்று சத்தமே இல்லாமல் கொடுத்துவிடும். செங்குத்து அச்சு, சுருள் இறக்கை என்று விற்பவர் எதைக் காட்டினாலும் கேளுங்கள்: சுழலும் பரப்பு எத்தனை சதுர மீட்டர்? காற்றிலிருந்து 59.3 சதவீதத்துக்குமேல் எந்தச் சுழலியாலும் எடுக்க முடியாது என்ற பெட்ஸ் எல்லை எல்லா வடிவத்துக்கும் ஒன்றுதான். சோதனை அறிக்கை இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. சென்னை பள்ளிக்கரணையில் தேசிய காற்று சக்தி நிறுவனமும் கயத்தாற்றில் அதன் சோதனை நிலையமும் இருக்கும் நாட்டில், அறிக்கை கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

நெடும்பாசேரி விமான நிலையம் 2015இல் முழுக்கச் சூரிய மின்சாரத்துக்கு மாறியது. வைக்கம் – தவணக்கடவு 'ஆதித்யா' படகு 2017 முதல் வெயிலில் ஓடுகிறது. அப்படியானால் காற்றாலைக்கு இந்தப் பக்கம் இடமே இல்லையா? கொஞ்சம் இருக்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் வாரக்கணக்கில் வானம் மூடி சோலார் படுத்துவிடும் நாட்களில், பேனலுக்குத் துணையாக. வைப்பின், செல்லானம் பக்கம் மரம் மறைக்காத நீர்வெளியில், செம்மீன் கெட்டு எனப்படும் இறால் பண்ணையின் காவல் குடிசையில், நங்கூரமிட்டுக் கிடக்கும் படகில். அங்கும் ஒரு வருடமாவது, வைக்கப்போகும் உயரத்திலேயே அனிமோமீட்டரும் லாகரும் நிறுத்தி அளந்த பிறகுதான்.

ஃபோர்ட் கொச்சியின் 'வெளி' பகுதியிலுள்ள தோபிகானாவில், டச்சுக்காரர் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்களின் வழிவந்தவர்கள் இன்றும் துணி உலர்த்துகிறார்கள். கிளிப் கிடையாது, முறுக்கிய கயிற்றின் புரிகளுக்கு நடுவே துணியின் முனையைச் செருகிவிடுவார்கள். எந்த மாதம், எந்த நேரம், எந்தப் பக்கத்துக் காற்று என்பது அவர்களுக்கு அத்துப்படி. பேச்சுக்கொடுத்துத் தெரிந்துகொள்ளலாம். அந்த வாய்க்கணக்கை வைத்து ஆர்டர் மட்டும் எடுக்காதீர்கள். துணி உலரப் போதுமான காற்று பேட்டரிக்குப் போதாது.

கூரை ஏன் கூடாது? இறக்கையின் கீழ்நுனி, 150 மீட்டர் சுற்றளவிலுள்ள எந்தத் தடையையும் விட 9 மீட்டராவது உயரமாக இருக்க வேண்டும் என்பது உலகெங்கும் இந்தத் தொழிலில் உள்ள நடைமுறை. மட்டாஞ்சேரியில் 20 மீட்டர் தென்னை சாதாரணம். அதற்குமேல் 9 மீட்டர் என்றால் கம்பம் 30 மீட்டர் வரும். தண்ணீருக்கு அந்தப் பக்கம் வெலிங்டன் தீவில் ஐ.என்.எஸ். கருடா கடற்படை விமானதளம் இருக்கும்போது, அனுமதி இல்லாமல் அந்த உயரத்தை நினைக்கவும் கூடாது. பாரம்பரியப் பகுதி என்பதால் மாநகராட்சியிலும் கேள்வி வரும். சரி, ஓட்டுக்குமேல் மூன்று மீட்டர் குழாய் போதும் என்று வைத்தால், அங்கே கிடைப்பது கூரை விளிம்பில் மோதிச் சுழன்று வரும் காற்று. மின்சாரம் குறையும், பேரிங் தேயும். கட்டடமோ வெட்டுக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும், தேக்கு உத்தரமும் மங்களூர் ஓடும். நிமிடத்துக்கு 570 சுற்று என்றால் விநாடிக்கு ஒன்பது பத்து அதிர்வு சுவரில் இறங்கிக்கொண்டே இருக்கும். சாந்து உதிர்வது பிறகு. கீழ் அறையில் படுத்தவர் முதல் ராத்திரியே எழுந்து வந்துவிடுவார்.

இனி, இடம் சரி, காற்றும் சரி என்று முடிவான பிறகு.

நம் ஆட்கள் முதலில் கம்பத்தை யோசிக்கிறார்கள், பிறகு சுழலி, பிறகு கன்ட்ரோலர், கடைசியில் பிரேக் சுவிட்ச். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதுதான் இந்த இதழில் நாம் வற்புறுத்துவது. 10 மீட்டர் காற்றில் 2 மீட்டர் சுழலியின் இறக்கை நுனி மணிக்கு 216 கிலோமீட்டரில் போகிறது. ஒரு கிலோ எடையுள்ள இறக்கையின் எடைமையம் அச்சிலிருந்து 40 சென்டிமீட்டரில் இருந்தால், அதை வெளியே இழுக்கும் விசை சுமார் 147 கிலோ. சுற்று இரட்டித்தால் அது நான்கு மடங்காகி 590 கிலோவை நெருங்கும். அந்த போல்ட்டுகளை யார் முறுக்கினார் என்ற கேள்வி அப்போதுதான் எழும். 1888இல் கிளீவ்லாண்டில் தன் வீட்டுப் பின்புறம் 17 மீட்டர் சக்கரம் நிறுத்தி நிலவறையில் 408 பேட்டரிகளை ஏற்றிய சார்லஸ் பிரஷ், பலத்த காற்றில் சக்கரத்தைப் பக்கவாட்டாகத் திருப்பி நிறுத்தும் ஏற்பாட்டை அப்போதே செய்திருந்தார். ஸ்காட்லாந்தின் ஹியூ பிகட் வடிவமைத்து உலகெங்கும் கைவேலையாகச் செய்யப்படும் காற்றாலையில் (ஆரோவில்லின் மின்வாயு குழுவினர் செய்பவையும் அந்த வகைதான்) காற்று மிஞ்சினால் வால் தானாக மடிந்து சுழலியை ஒதுக்கிவிடும்.

சோலார் பழக்கத்தில் வந்தவர்கள் தவறும் இடம் ஒன்று உண்டு. பேட்டரி நிரம்பினால் சோலார் கன்ட்ரோலர் பேனலைக் கழற்றிவிடும். பேனலுக்கு ஒன்றும் ஆகாது. காற்றாலையைக் கழற்றிவிட்டால் பளு போய்விடும், சுற்று ஏறும், வோல்டேஜ் எகிறும். எனவே காற்றாலைக்கு சோலார் கன்ட்ரோலர் ஆகாது. மிஞ்சிய மின்சாரத்தைச் சூடாக எரித்துத் தீர்க்கும் டம்ப் லோடு வேண்டும். 24 வோல்ட் பேட்டரிக்கு 1.5 ஓம் ரெசிஸ்டர் வைத்தால் 28.8 வோல்ட்டில் 19 ஆம்பியர், 550 வாட் இழுக்கும். சுழலியின் உச்ச உற்பத்தியைவிட இது கால்பங்காவது கூடுதலாக இருக்கட்டும். ரெசிஸ்டர் கொதிக்கும் பொருள். மர உத்தரத்தின் கீழோ, ஹைட்ரஜன் வெளியிடும் டியூபுலர் பேட்டரி பக்கத்திலோ மாட்டக்கூடாது. பேட்டரி அறையில் ஹைட்ரஜன் 4 சதவீதம் தொட்டால் ஒரு பொறி போதும்.

இப்போது எல்லாரும் டியூபுலரைக் கழற்றி லித்தியம் வைக்கிறார்கள். நல்ல பேட்டரிதான். ஆனால் அதற்குள் இருக்கும் பி.எம்.எஸ். (பேட்டரி மேலாண்மை அமைப்பு), செல் வோல்டேஜ் மீறினாலோ சூடு ஏறினாலோ யாரையும் கேட்காமல் ஒரு நொடியில் இணைப்பைத் துண்டித்துவிடும். அந்த நொடியில் காற்றாலை பளுவின்றிச் சுற்றும். ஏறிய வோல்டேஜில் கன்ட்ரோலரும் இன்வெர்ட்டரும் சேர்ந்தே போகும். ஆகவே லித்தியம் வைத்த இடத்தில் டம்ப் லோடு பேட்டரியை நம்பி இயங்கக்கூடாது. ரெக்டிஃபயரை ஒட்டி, காற்றாலைப் பக்கத்திலேயே, வோல்டேஜைப் பார்த்துத் தானே விழிக்கும்படி இருக்க வேண்டும். பேட்டரி இல்லாமல் அது வேலை செய்கிறதா என்று மெல்லிய காற்றில் சோதித்துப் பார்த்த பிறகே ஒப்படையுங்கள்.

பிரேக் சுவிட்ச், ஆல்டர்னேட்டரின் மூன்று பேஸ் கம்பிகளையும் ரெக்டிஃபயருக்கு முன்பே ஒன்றோடொன்று இணைப்பது. காற்று அடங்கியிருக்கும்போது போட்டால் சுழலி ஏறக்குறைய நின்றுவிடும். புயல் பிடித்தபின் போட்டால் நிற்காமல் சுற்றிக்கொண்டே ஸ்டேட்டர் கருகலாம். வானிலை அறிவிப்பு வந்தவுடன் போட வேண்டும் என்பதை விடுதிக்காரரிடம் சொன்னால் போதாது. சுவிட்ச் பக்கத்திலேயே மலையாளத்தில் எழுதி ஒட்டுங்கள். பேட்டரி முனையில் பியூஸ், கே.எஸ்.இ.பி. லைனுக்குத் திரும்பிப் போகாத சேஞ்ச் ஓவர், இவை நம் வாசகர்களுக்குப் புதிதல்ல. கேபிள் தடிமன் பற்றி ஒரு வார்த்தை: 25 மீட்டர் தூரம், 20 ஆம்பியர், 10 சதுர மில்லிமீட்டர் தாமிரம் என்றால் 24 வோல்ட்டில் 1.8 வோல்ட் வழியிலேயே போய்விடும். இருப்பதே அரை யூனிட்.

கம்பம் சாய்த்து இறக்கும் வகையாக இருக்கட்டும். ஏணி வைத்து ஏறிப் பராமரிக்கும் காற்றாலையை யாரும் பராமரிப்பதில்லை. கேரளத்தில் கட்டடங்களுக்கு இந்திய தரநிலை 875 எடுத்துக்கொள்ளும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 39 மீட்டர். வால் மடியாமல் அந்தக் காற்றை நேராக வாங்கினால் சுழலி மேல் 280 கிலோ தள்ளும். 10 மீட்டர் கம்பத்தின் அடியில் அது 2.8 டன் மீட்டர். ஸ்டே கம்பிகளும், அவற்றை மண்ணில் பிடிக்கும் கான்கிரீட் கட்டைகளும் இதைத் தாங்கவேண்டியவை. இந்தக் கரையில் ஆழம் தோண்டினால் தண்ணீர் ஊறும், ஆங்கர் பிடிமானம் குறைவு, கட்டையின் எடையைக் கூட்டித்தான் ஆக வேண்டும். ஸ்டே கம்பிக் கிளிப்பைப் பாருங்கள்: யூ போல்ட் வெட்டிய முனைப் பக்கம், சேடில் பளு தாங்கும் கம்பிப் பக்கம். மாற்றி மாட்டினால் பளு தாங்கும் கம்பியையே யூ போல்ட் நசுக்கும். டர்ன்பக்கிள் தானாகச் சுழன்று தளராமல் கம்பி கோத்துக் கட்டுங்கள். கம்பத்தை ஏற்றும்போதும் இறக்கும்போதும் பிரேக் போட்டிருக்க வேண்டும். கம்பம் விழக்கூடிய தூரத்துக்குள் எவரும் நிற்கக்கூடாது, வேடிக்கை பார்க்கும் வீட்டுக்காரர் உட்பட.

உப்புக் காற்று முதலில் பிடிப்பது வால் கீலை. கம்பம் இறங்கியிருக்கும்போது வாலைக் கையால் தூக்கி விடுங்கள். தானாகத் திரும்பி விழ வேண்டும். பாதியில் நின்றால் கீல் துரு. அந்த நிலையில் மேலே ஏற்றினால் மேலே சொன்ன 280 கிலோ கணக்கு உண்மையாகிவிடும். காந்தங்களின் முலாம் உரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நியோடிமியம் துருப்பிடித்தால் உப்பி ஸ்டேட்டரை உரசும். இறக்கையின் முன்விளிம்பு டேப், பேரிங்கின் சத்தம், கம்பத்துக்குள் முறுக்கிக்கொண்ட கேபிள், இவை ஐந்து நிமிட வேலை. எர்த் எடுக்க உவர்மண் நல்லது, எர்த் கம்பிக்கு நல்லதல்ல. சென்ற வருடம் பதித்ததுதானே என்று விடாமல் ஆண்டுதோறும் எர்த் மெகர் வைத்து எர்த் ரெசிஸ்டன்ஸ் எடுங்கள். சித்திரை, வைகாசியிலும் துலாவர்ஷ (வடகிழக்குப் பருவமழை) மாதங்களிலும் சாயங்கால இடி இங்கே வழக்கம். கம்பத்தின் அடியிலும் கன்ட்ரோலரின் வாயிலும் சர்ஜ் அரெஸ்டர் இல்லாத நிறுவலுக்கு நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்க வேண்டிய நாள் ஜூன் 1. ஏற்கெனவே காற்றாலை நிறுவிக் கொடுத்திருக்கும் வாசகர்கள் மே மாதம் முடிவதற்குள் ஒவ்வொரு கம்பத்தையும் ஒருமுறை கீழே இறக்கிப் பார்த்துவிடுங்கள். லித்தியத்துக்கு மாற்றிய இடங்களை முதலில் பாருங்கள்.