கார்டு சாகலை சார், நம்பர்தான் மோதுச்சு

சாங்வியில் மூன்று நாளாக விடாத மழை. ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக வெளியே தலைகாட்ட முடியவில்லை. அப்பா போனபிறகு அம்பத்தூர் வீட்டைக் காலி செய்தபோது கூடவே வந்த 486 பொட்டியைப் பரணிலிருந்து இறக்கினேன். பக்கத்து வீட்டு மராத்திக்காரர் எட்டிப் பார்த்து, "பங்கார்வாலாகிட்ட போட்டுடுங்க சாஹேப்" என்றார்.

போட்டிருப்பேன். ஆனால் 1997ல் ஒருத்தர் கொடுத்த மரணச் சான்றிதழைச் சரிபார்க்கிற வேலை ஒன்று பாக்கி இருந்தது.

அந்த வருஷம் இன்டர்நெட் ஆசையில், உள்ளே சொருகும் மோடம் வாங்கினோம். கடைக்காரரே வந்து சொருகினார். மறுநாளிலிருந்து சவுண்ட் கார்டு, கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி ஒரே துண்டைத் திரும்பத் திரும்பப் பாடியது. திரும்ப வந்து பார்த்தவர், "கார்டு போச்சு சார். பையன் கேம் ஆடியே கெடுத்துட்டான்" என்றார். 2,000 ரூபாய்ச் சொச்சத்துக்குப் புதுக் கார்டு. அது பாடியது. தீர்ப்பு உறுதி!

பத்தாவது படித்துக்கொண்டிருந்த எனக்குப் பொட்டி பக்கம் போகத் தடை. அடுத்த வருஷம் கம்ப்யூட்டர் குரூப் கேட்டபோது அப்பா சொன்னது: "ஒரு கார்டைக் காப்பாத்தத் தெரியலை, உனக்கெதுக்குடா?" காமர்ஸ் எடுத்தேன், பி.காம். முடித்தேன். அதற்காக அழவில்லை, வங்கி சோறு போடுகிறது. ஆனால் செய்யாத தப்பு செய்யாத தப்புதானே?

விஷயத்துக்கு வருவோம். அந்தக்கால ஐஎஸ்ஏ கார்டுகளில் பலவும் பிராசசரைக் கூப்பிட ஆளுக்கொரு மணி வைத்திருக்கும். அதற்குப் பெயர் ஐஆர்க்யூ. 1984ல் வந்த பிசி ஏடியிலிருந்து 0 முதல் 15 வரை எண்கள். டைமருக்கு 0, கீபோர்டுக்கு 1, ஃப்ளாப்பிக்கு 6, ஹார்ட் டிஸ்குக்கு 14. காம் 1க்கு 4, காம் 2க்கு 3, பிரிண்டருக்கு 7. மிச்சம் சொற்பம். பின்னால் வந்த பிசிஐ போல ஐஎஸ்ஏவில் இரண்டு கார்டுகள் ஒரே எண்ணை நம்பிக்கையாகப் பங்கு போட முடியாது. ஒரே டோக்கன் நம்பரோடு இரண்டு பேர் கவுண்டருக்கு வந்தால் என்ன நடக்கும்? அதேதான்.

பச்சை பூத்த பேட்டரியை மாற்றி, ஹார்ட் டிஸ்க் விவரத்தை பயாஸில் ஏற்றி, "செத்த" கார்டையும் மோடத்தையும் பழையபடி சொருகினேன். அதே கீறல். மோடத்தை மட்டும் கழற்றினேன். பாட்டு சுத்தம்! ஜம்பர்களைப் பார்த்தேன். இரண்டுமே 5ல்.

3, 4 இரண்டும் சீரியல் போர்ட்டுகளுக்குப் போனதால் மோடத்தை 5ல் வைத்திருக்கிறார். அது தப்பில்லை. அங்கே ஏற்கெனவே யார் குடியிருக்கிறார்கள் என்று பார்க்காததுதான் தப்பு. சவுண்ட் கார்டை 10க்கு மாற்றி, ஆட்டோஎக்ஸெக் கோப்பில் பிளாஸ்டர் வரியிலும் அதையே எழுதி, மோடத்தைத் திரும்பச் சொருகினேன். பாடியது. ஐந்து நிமிட வேலை.

"அப்ப புதுக் கார்டு எப்படிப் பாடுச்சு?" என்பீர்கள். அது பிளக் அண்ட் ப்ளே வகை. விண்டோஸ் 95 அதற்குக் காலியாக இருந்த எண்ணைக் கொடுத்துவிட்டது. கார்டும் மாறியது, எண்ணும் மாறியது. இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு ஒன்றின் மேல் மட்டும் பழி போடுவது என்ன நியாயம்? டிரையல் பேலன்ஸ் தேறாவிட்டால் வித்தியாசத்தை சஸ்பென்ஸில் போட்டால் தேறிவிடும். தப்பைக் கண்டுபிடித்ததாக ஆகுமா?

அவருக்கு நேரமில்லை என்று வக்காலத்து வாங்காதீர்கள். ஜம்பர் மாற்றினால் விசிட் சார்ஜ் மட்டும்தான். புதுக் கார்டு விற்றால் லாபம். அவ்வளவுதான் சூட்சுமம். இன்றைக்கும் "ஃபார்மட் பண்ணிடலாம், போர்டு மாத்திடலாம்" என்பவர்கள் அவருடைய வாரிசுகள்தான்.

எண் மோதல் இன்னும் நைசாகவும் வரும். என்இ2000 வகை நெட்வொர்க் கார்டை 320 என்ற முகவரியில் வைத்தால் அது 33எஃப் வரை பிடித்துக்கொள்ளும். சவுண்ட் கார்டின் மிடி 330ல் உட்கார்ந்திருக்கும். தொடக்க எண் வேறு வேறு, ஆனாலும் மோதும். செக் புக்கின் முதல் இலையை மட்டும் பார்த்தால் போதாது, கடைசி இலை வரை பார்க்கணும்.

எங்கள் பேட்டையிலிருந்து ஆற்றைத் தாண்டி அவுந்த் வழியாகப் போனால் புனே பல்கலைக்கழக வளாகம். 1988ல் தொடங்கிய சி-டாக் அங்கேதான் இயங்கிவந்தது. டாஸ் காலத்துப் பொட்டிகளில் தமிழையும் மராத்தியையும் காட்டிய ஜிஸ்ட் கார்டு அவர்கள் கொடுத்தது. அதுவும் இப்படிச் சொருகும் கார்டுதான். நல்ல கார்டுகளில் எத்தனை, "போச்சு சார்" என்ற ஒரு வார்த்தையில் பங்கார்வாலாவிடம் போயிருக்கும்?

எனவே சாமிகளே, தூக்கிப் போடும் முன் டிஸ்ப்ளே கார்டு தவிர எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஒவ்வொன்றாகச் சொருகுங்கள். எண்ணைத் தாளில் எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அப்புறம் தீர்ப்பு சொல்லுங்கள்.

நான் கெடுக்கவில்லை என்று இருபத்தெட்டு வருஷத்துக்கு மேல் கழித்து நிரூபித்துவிட்டேன். சொல்லலாம் என்றால் அப்பாதான் இல்லை.

டிஸ்கி: பங்கார்வாலா வந்து போய்விட்டார். பொட்டி ஹாலில் இருக்கிறது. தங்கமணி இன்னும் பார்க்கவில்லை :-)