பிள்ளைக்கு எதற்கு இத்தனை ஸ்பீடு?

போன நவம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ-யின் முடிவு வந்து சில நாள்தான் ஆகியிருந்தது. தேக்கா நிலையத்தில் ஆட்டிறைச்சி வாங்கிக்கொண்டு, சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கைப்பேசிக் கடையில் என் சிம் அட்டையை மாற்ற நின்றேன். எனக்கு முன்னால் ஒரு தம்பதி. நடுவில் மகன், கண்ணாடிப் பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"தம்பி, பையன் செக்கண்டரி ஒன்னுக்குப் போறான். நல்ல ஸ்பீடா பாத்துக் குடுங்க. சுத்திக்கிட்டே நிக்கிற மாதிரி இருக்கக் கூடாது" என்றார் அம்மா. எத்தனை ஜிபி வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். "இருக்கிறதுலயே எது கூடவோ, அது" என்றார் அப்பா.

மேசையின் இன்னொரு முனையில் வெளிநாட்டு ஊழியர் ஒருவர் நின்றிருந்தார். வாரத்தில் ஒரு நாள் விடுப்பு, அதில் இந்தக் கடைக்கு ஐந்து நிமிடம். "அண்ணே, ஊருக்கு வீடியோ போட்டா கட்டாகாம வருமா? மாசத்துக்கு எவ்வளவு?" என்றார். எதற்கு வேண்டும், என்ன விலை என்ற இரண்டே கேள்வி. பதில் கிடைத்ததும் காசைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

பெற்றோர்களே, துணைப்பாட நிலையம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நான்கு பேரிடம் விசாரிக்கிற நாம், இந்த இரண்டு கேள்வியையும் கேட்காமல் பிள்ளை கையில் லைனைத் திணிக்கிறோம். அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். 2023-ல் என் மகள் உயர்நிலை ஒன்றுக்குப் போனபோது, இதே மாதிரி ஒரு மேசையில் நின்று, இதே மாதிரி, "ஸ்பீடா இருக்கட்டும்" என்று சொன்னவள்தான் நான். இரண்டு வருஷ கான்ட்ராக்டில் கையெழுத்தும் போட்டேன்.

அந்த ஸ்பீடு என்றால் என்ன என்று அதன் பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். யூடியூப் தானே சொல்கிற அளவுகள் இவை: 480பி படத்துக்கு நொடிக்கு ஏறக்குறைய 1.1 மெகாபிட் போதும். 1080பி-க்கு 5 மெகாபிட். 4கே என்றால் 20. பெரிய தொலைக்காட்சித் திரைக்கே அதற்கு மேல் வேண்டியதில்லை. உள்ளங்கை அகலத் திரையில், ஆடுகிற பேருந்தில் நின்றுகொண்டு பார்க்கிற பிள்ளைக்கு 480-க்கும் 1080-க்கும் வித்தியாசம் தெரிந்தால் முதலில் அந்தக் கண்ணுக்கு ஒரு பரிசு கொடுக்க வேண்டும். வாட்ஸ்அப் செய்தி, பேருந்து எப்போது வரும் என்று காட்டும் செயலி, வரைபடம் எல்லாம் இந்தக் கணக்கில் தூசு. ஊரெங்கும் இலவசமாகக் கிடைக்கிற வயர்லெஸ்@எஸ்ஜி 2006-ல் தொடங்கியபோது நொடிக்கு 512 கிலோபிட் கொடுத்தது. பிறகு படிப்படியாக 5 மெகாபிட் ஆக்கினார்கள். அதாவது நூலகத்தில் சும்மா கிடைப்பதே பளிச்சென்று ஒரு படம் பார்க்கப் போதும். விளம்பரப் பலகையில் நூறுகளிலும் ஆயிரங்களிலும் போட்டிருக்கிறார்களே, அந்த எண்களுக்கு நம் பிள்ளையின் கைப்பேசியில் வேலையே இல்லை.

இதை நான் சொல்லி நீங்கள் நம்ப வேண்டாம். உங்கள் சொந்தக் கைப்பேசியின் அமைப்புக்குள் போய், 5ஜி-யை அணைத்து 4ஜி-யில் மட்டும் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். இரண்டு தட்டு தட்டினால் போதும், காசும் இல்லை. நான் செய்தேன். ஏழு நாளில் ஒரே ஒரு தடவைதான் வித்தியாசம் தெரிந்தது, அலுவலகக் காணொளிக் கோப்பு ஒன்றை ரயிலிலேயே இறக்க முயன்றபோது. லிட்டில் இந்தியா நிலையத்தில் தொடங்கினேன், எக்ஸ்போ போகிற பாதையில் இன்னும் நான்கைந்து நிலையம் தாண்டித்தான் முடிந்தது. பொறுத்திருந்து வீட்டில் இறக்கியிருக்கலாம். மற்றபடி ஒன்றுமே தெரியவில்லை. மின்கலம் கொஞ்சம் கூட நேரம் நின்றது போல இருந்தது. அது என் பிரமையாகவும் இருக்கலாம்.

"அப்புறம் ஏன் தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் போன் இப்படி இழுக்குது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ரேஸ் கோர்ஸ் சாலை, லெம்பு சாலை, பஃபலோ சாலை என்று அந்தக் கொஞ்ச இடத்துக்குள் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் ஊருக்கு முகம் காட்டிப் பேசுகிறார்கள். ஒரு கோபுரத்தின் கொள்ளளவை அத்தனை பேரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை காவடிக்குப் பின்னால் நடந்தவர்களுக்கும் இது தெரியும். அது நெரிசல். அந்த நெரிசலில் 5ஜி கொஞ்சம் கைகொடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் எப்போதாவது மாட்டிக்கொள்கிற சில மணி நேர நெரிசலுக்காக மாதாமாதம் கட்டணம் கூட்டிக் கட்டுவது, தீபாவளிக் கூட்டத்தில் கேம்பல் லேன் பக்கம் நிறுத்த முடியவில்லை என்று பெரிய கார் வாங்குவது மாதிரி.

வீட்டுக்குள் இழுத்தால் அதற்குக் காரணம் வேறு. நம் சிங்கப்பூரில் 2020-ல் சிங்டெல்லுக்கும் ஸ்டார்ஹப்–எம்1 கூட்டணிக்கும் 5ஜி-க்காகக் கொடுத்த 3.5 கிகாஹெர்ட்ஸ் அலை நிறைய தகவலைச் சுமக்கும், ஆனால் தடித்த கான்கிரீட்டைக் கண்டால் திணறும். புது வீவக வீடுகளில் பாம் ஷெல்ட்டர் என்று இரும்புக் கதவு போட்ட ஓர் அறை இருக்கிறதல்லவா, அதற்குள் எந்தத் திட்டத்தை வாங்கினாலும் ஒன்றுதான். (என் தோழி ஒருத்தி தன் மகனுக்கு அதையே படிக்கும் அறையாக்கிவிட்டாள். பையன் படிக்கிறானாம். காற்று போதுமா என்றுதான் எனக்குக் கவலை.) தீவு முழுக்க 5ஜி எட்ட வேண்டும் என்று தொலைத்தொடர்பைக் கவனிக்கிற அரசாங்க ஆணையம் வைத்த கெடு 2025 முடிவு, சிங்டெல் 2022 ஜூலையிலேயே 95 விழுக்காட்டுக்கு மேல் எட்டிவிட்டதாக அறிவித்தது. 2ஜி 2017-ல் போனது, 3ஜி 2024-ல் போனது. ஆக, இன்று நீங்கள் வாங்கக்கூடிய ஆகக் குறைந்த லைன்கூட உங்கள் பிள்ளைக்கு வேண்டியதைச் செய்யும். "அவசரத்துக்கு வேணுமே" என்ற சாக்கை இத்துடன் விட்டுவிடுவோம். அவசரத்துக்கு வேண்டியது ஒரு போன் கால்.

இப்போது ஜிபி-க்கு வருவோம். உண்மையான வம்பு அங்கேதான் இருக்கிறது.

கான்ட்ராக்ட் போட்ட மூன்றாவது மாதம், மகளின் பயன்பாட்டைத் தற்செயலாகப் பார்த்தேன். 61 ஜிபி. வீட்டில் ஃபைபர் இணையம், எல்லா அறையிலும் வைஃபை. இரவு 10 மணிக்கு ரவுட்டர் தானாக அணைந்துவிடும்படி வைத்திருந்தேன். அதைப் பற்றி உறவினர்களிடம் பெருமை வேறு. பிறகு எப்படி 61? விசாரித்தபோது அவள் ஒளிக்கவில்லை. "10 மணிக்கு வைஃபை போயிடும்மா. அப்புறம் டேட்டாவுல பார்ப்பேன். நீங்கதானே அன்லிமிட்டட் மாதிரி போட்டுக் குடுத்தீங்க?" என்றாள். வாசல் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, கொல்லைப்புறம் நான்கு வழிச் சாலை போட்டுக் கொடுத்தவள் நான். அதற்கு மாதாமாதம் கட்டணமும் கட்டியிருக்கிறேன்.

நீங்களும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள். பள்ளி வாங்கச் சொன்ன கற்றல் கருவியில் இரவு உறங்கும் நேரம் வந்தால் திரை பூட்டிக்கொள்ளும். அந்த நேரத்தைக் கல்வி அமைச்சு 11 மணியிலிருந்து 10.30 மணியாக்கியிருக்கிறது. 2026 ஜனவரியிலிருந்து உயர்நிலைப் பள்ளிகளில் இடைவேளை, இணைப்பாட நடவடிக்கை உட்பட பள்ளி நேரம் முழுவதும் திறன்பேசியைத் தொடக் கூடாது. 2025 ஜனவரியில் வந்த அரசாங்க வழிகாட்டி, 7 முதல் 12 வயது வரை பள்ளி வேலை போக ஒரு நாளுக்கு 2 மணி நேரத்துக்குள் திரை இருக்கட்டும் என்கிறது. இந்த விதிகள் பள்ளி வாசலோடும் பள்ளிக் கணினியோடும் நிற்கும், வழிகாட்டியோ அறிவுரையோடு நிற்கும். வாசலுக்கு வெளியே பேருந்து நிறுத்தத்தில், 100 ஜிபி-யோடு காத்திருப்பது நீங்கள் வாங்கிக் கொடுத்த சிம்.

100 ஜிபி என்றால் எவ்வளவு என்று தெரியுமா? நொடிக்கு 5 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 2.25 ஜிபி. ஆக 100 ஜிபி-யில் 1080பி படம் 44 மணி நேரத்துக்குச் சற்று மேல் பார்க்கலாம். நம் வேலைவாய்ப்புச் சட்டம் ஒரு வாரத்துக்கு விதிக்கிற வேலை நேரமும் அதே 44. 480பி-யில் பார்த்தால் 200 மணி நேரம். வீட்டு வைஃபை இதில் சேராது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு, வீட்டுக்கு வெளியேயும் போர்வைக்கு உள்ளேயும் பார்ப்பதற்கு மட்டும் ஒரு முழு வேலை வாரம்.

"வீட்டுப்பாடத்துக்கு வேணும்" என்பார்கள் சிலர். பள்ளியின் எஸ்எல்எஸ் இணையத்தளத்தில் செய்கிற வீட்டுப்பாடத்தை எந்தப் பிள்ளை எம்ஆர்டி-யில் கம்பியைப் பிடித்துக்கொண்டு செய்கிறது? அது வீட்டு மேசையில், வீட்டு வைஃபையில், கற்றல் கருவியில் நடக்கிற வேலை.

வேகமும் ஜிபி-யும் உண்மையாகவே தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். தங்குவிடுதியில் வைஃபையை நம்ப முடியாத ஊழியருக்குக் கைப்பேசிதான் வீட்டு இணையம். அவருக்கு 100 ஜிபி ஆடம்பரம் இல்லை. சேலைக் கடையிலிருந்து நேரலையில் புடவை விரித்துக் காட்டி விற்கிற பெண்களுக்குப் படம் மேலே போகிற வேகம் சோறு போடுகிறது. மடிக்கணினியைக் கைப்பேசியோடு இணைத்து வழியெல்லாம் வேலை பார்க்கிறவருக்கும் அப்படித்தான். உணவு கொண்டுபோகிற ஓட்டுநருக்கு வேகத்தைவிட எங்கேயும் சிக்னல் விடாமல் இருப்பது முக்கியம். இவர்களுக்கெல்லாம் காரணம் இருக்கிறது. பன்னிரண்டு வயதுக்காரனுக்கு என்ன காரணம் சொல்வீர்கள்? "எல்லாப் பிள்ளைங்களும் வச்சிருக்காங்க" என்பதைத் தவிர?

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். கடைக்காரர்கள் நமக்கு உதவ மாட்டார்கள். இந்த ஊரில் டேட்டா இப்போது அவ்வளவு மலிவு. 10, 20 வெள்ளிக்குள் 100 ஜிபி-க்கு மேல் கொட்டிக் கொடுக்கிறார்கள். சின்னத் திட்டம் கேட்டால், "ரெண்டு வெள்ளிதான் வித்தியாசம் அக்கா, பெருசாவே எடுத்துக்குங்க" என்பார்கள். இரண்டு வெள்ளிதானே என்று தலையாட்டும் இடத்தில்தான் கோட்டை விடுகிறோம். நான் காசை மிச்சம் பிடிக்கச் சொல்லவில்லை. 3 ஜிபி, 5 ஜிபி என்கிற குறைவுதான் நீங்கள் வாங்குகிற பொருள். தேவைப்பட்டால் அதற்குக் கூடக் கொடுத்தும் வாங்கலாம். கண்காணிக்கிற செயலி வேண்டாம், தினமும் சண்டை வேண்டாம், டேட்டா தீர்ந்தால் தீர்ந்தது. முன்கட்டண அட்டை போட்டு அளவாக டாப்-அப் செய்யலாம். பெரிய திட்டத்தில் ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் ஆண்ட்ராய்டில் மாத வரம்பு வைக்கலாம். ஐபோனில் எந்தச் செயலிக்கு மொபைல் டேட்டா உண்டு, எதற்கு இல்லை என்று ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு, பிள்ளை அதை மாற்ற முடியாதபடி ஸ்கிரீன் டைமில் பூட்டலாம். அரை மணி நேர வேலை. அந்த அரை மணி நேரம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். சனிக்கிழமை துணைப்பாட நிலைய வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்து நாம் எல்லாரும் எதைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது எனக்குத் தெரியும். நானும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

கான்ட்ராக்ட் போன வருஷம் முடிந்தது. மகளுக்கு 5 ஜிபி. "இது அநியாயம்" என்றாள். சரி, எனக்கும் அதே 5 ஜிபி என்று சொல்லிவிட்டேன், அவசரப்பட்டு. முதல் மாதம் பதினெட்டாம் தேதியே அவளுக்குத் தீர்ந்துவிட்டது. பன்னிரண்டு நாள் வீட்டில் முகம் இத்தனை நீளம். இரண்டாவது மாதம் என்னிடம் சொல்லாமல் ஒரு வழி கண்டுபிடித்தாள்: பாட்டு, தொடர் எல்லாவற்றையும் வீட்டு வைஃபையில் முன்கூட்டியே இறக்கிக்கொண்டு கிளம்புவது. பார்ப்பது நிற்கவில்லை, குறைந்திருக்கிறது. எதைப் பார்ப்பது என்று வீட்டிலேயே முடிவு செய்ய வேண்டியிருப்பதால், முடிவே இல்லாமல் உருட்டுகிற அந்த வேலை அடங்கியிருக்கிறது. இரவு 10-க்குப் பிறகு தூங்குகிறாளா என்று நான் எட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

இப்போதெல்லாம் மாதக் கடைசியில் அவளுக்கு ஒரு ஜிபி மிச்சம் நிற்கிறது. எனக்குத்தான் இருபத்தைந்தாம் தேதிவாக்கில் தீர்ந்துவிடுகிறது. ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடு என்றால், நூறு எம்பிக்கு ஒரு வெள்ளி கேட்கிறாள்.