ஊருக்கு வரும்போது தூக்க மிட்டாய் வேண்டாம்



அமெரிக்காவிலிருந்து வருகிறவர்களின் பெட்டியில் விட்டமின் மாத்திரையோடு இப்போது மெலடோனின் மிட்டாய் டப்பாவும் வருகிறது. "அம்மாவுக்குத் தூக்கமே இல்லையாம்" என்று பாசத்தோடு வாங்கி வருகிறீர்கள். ஆனாலும் மருத்துவரைக் கேட்காமல் பெற்றோருக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்பதே என் கருத்து.

மூளையில் உள்ள பீனியல் சுரப்பி, இருட்டியதும் மெலடோனினைச் சுரந்து 'இரவாகிவிட்டது' என்று உடம்புக்குச் சொல்கிறது. பள்ளிக்கூட மணி மாதிரிதான். மணி நேரத்தைச் சொல்லும், பாடம் நடத்தாது.

அதனால் உடம்பின் கடிகாரம் தடம் மாறியவர்களுக்கு இது பயன்படும்: நீண்ட விமானப் பயணம் செய்தவர்கள், பின்னிரவு வரை தூக்கம் வராத இளைஞர்கள், வெளிச்சமே தெரியாத பார்வையற்றோர். ஆட்டிசம் உள்ள சில குழந்தைகளுக்கும் மருத்துவர்கள் தருகிறார்கள். மாதக்கணக்கில் தூக்கம் வராமல் தவிப்பது வேறு விஷயம். அதற்கு இதைத் தர வேண்டாம் என்றே அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமி 2017-இல் பரிந்துரைத்தது. ஐரோப்பாவில் 55 வயதைத் தாண்டியவர்களுக்கு 2 மில்லிகிராம் மாத்திரைக்கு அனுமதி உண்டு. அதுவும் மருத்துவர் சீட்டோடு, 13 வாரம் வரைதான்.

அமெரிக்கக் கடைகளில் இது மருந்தாக விற்கப்படுவதில்லை. சத்துப்பொருள் வரிசையில் இருக்கிறது. 2023-இல் வெளியான ஓர் ஆய்வில் 25 மிட்டாய் வகைகளைச் சோதித்தார்கள். 22-இல் லேபிளில் போட்ட அளவும் உள்ளே இருந்த அளவும் பொருந்தவில்லை. ஒன்றில் மெலடோனினே இல்லை!

உங்கள் பெற்றோர் ஏற்கெனவே பல மாத்திரை சாப்பிடுகிறவர்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவருக்கு இதனால் ரத்தக்கசிவு கூடலாம். ரத்த அழுத்த மாத்திரை, வலிப்பு மாத்திரை எடுப்பவர்களும் கவனமாக இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட, தூக்கம் ஏன் வரவில்லை என்று பாருங்கள். மூட்டு வலியா? இரவில் நாலு முறை சிறுநீருக்கு எழுகிறாரா? குறட்டையில் மூச்சு நின்று நின்று வருகிறதா? மதியம் மூன்று மணி நேரம் படுக்கிறாரா? துணையை இழந்த துயரமா? மிட்டாய் கொடுத்தால் இந்தக் கேள்விகளை யாரும் கேட்கமாட்டார்கள். நோய் உள்ளேயே இருந்துவிடும்.

இந்த முறை வந்தால் டப்பாவுக்குப் பதில் ஒரு நாள் ஒதுக்குங்கள். அம்மாவையும் அவர் சாப்பிடும் மாத்திரைச் சீட்டுகளையும் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வாங்கிய டப்பா வீட்டில் இருந்தால் பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். அவர்களுக்கு அது வெறும் மிட்டாய்தான்.