மலரும் வாட வேண்டாம், அரும்பும் கருக வேண்டாம்!

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு ஒட்டியதும், சினிமா மோகம், செல்போன் மோகம், வேலையில்லாத் திண்டாட்டம் என்று ஆளுக்கொரு தலைப்பைப் பிடித்துக்கொண்டார்கள் நண்பர்கள். நான் எழுத நினைத்ததோ ஒரு மூணாங்கிளாஸ் விஷயம். "டிப்ளமோ படிக்கிறவனுக்கு மூணாங்கிளாஸ்ல என்னடா வேலை?" என்று என் ரூம் மேட் சிரித்தான். நீங்களும் சிரிக்கலாம். ஆனால் கடைசி வரைக்கும் படித்துவிட்டுச் சிரியுங்கள்!

எங்கள் ஊர் பள்ளிபாளையம் பக்கம். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். அம்மா தார் சுற்றும் வேலைக்குப் போகிறார். அப்பா அஞ்சாவதோடு தறிக்குப் போனவர். அம்மாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். எங்கள் பரம்பரையிலேயே பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். எனக்கு ஒரு தங்கை. அவளைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. இல்லை, நம்மைப் பற்றியதும்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை

2023 டிசம்பர். நமக்கு செமஸ்டர் லீவு. தங்கை மூன்றாம் வகுப்பு. அவள் பள்ளியில் மேலாண்மைக் குழுக் கூட்டம் என்று அம்மா கிளம்பினார், துணைக்கு நானும் போனேன். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். அந்தக் கணக்கில் அம்மாவையும் உறுப்பினராகச் சேர்த்திருந்தார்கள். அதுவரை அம்மா செய்த வேலை, நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வருவது மட்டும்தான்.

அன்றைக்குப் பேச்சு 'எண்ணும் எழுத்தும்' பற்றி வந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கொரோனாவில் பள்ளிகளை மூடினார்களே, அதில் ஒன்று, இரண்டு, மூன்று படிக்க வேண்டிய பிள்ளைகள் எழுத்தே தெரியாமல் மேல் வகுப்புக்கு வந்துவிட்டார்கள். அதைச் சரிசெய்ய 2022 ஜூனில் அரசு கொண்டுவந்த திட்டம் இது. முதலில் மூன்றாம் வகுப்பு வரை, அடுத்த வருஷம் நாலு, அஞ்சுக்கும். ஒரே வகுப்பில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, அந்தந்த நிலைக்கு ஏற்ற மாதிரி ஆட்டம், பாட்டு, பயிற்சி நூல் என்று சொல்லிக் கொடுப்பது. பேர் எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள்!

ஆனால் அந்தக் கூட்டத்தில் அழகாக எதுவும் நடக்கவில்லை. சண்டைதான் நடந்தது.

மளிகைக்கடை அண்ணன் ஒருவர் ஆரம்பித்தார். "எம்பையன் மூணாவது வந்தும் ஒண்ணாவது பாட்டையே பாடிட்டு இருக்கறான். இப்படியே போனா அடுத்த வருசம் பிரைவேட்டுல கொண்டுபோய்ச் சேர்த்துப்போடுவேன்" என்றார். உடனே ஒரு அக்கா எழுந்தார். "உங்க பையன் படிச்சுட்டாப் போதுங்களா? எம்பொண்ணு ரெண்டு வருசமா ஊமையாட்டம் வந்துட்டு இருந்துச்சு. இப்பத்தான் ஆசையாப் பள்ளிக்கூடம் போகுது. அதையும் கெடுத்துப்போடாதீங்க!" என்று கேட்டபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். பாடம் கம்மி என்றார் ஒருவர். இதுவே ஜாஸ்தி என்றார் இன்னொருவர்.

அப்போதுதான் யாரும் எதிர்பாராத விதமாக எங்கம்மா எழுந்து நின்றார். சேலைத் தலைப்பில் நூல் பிசிறு ஒட்டியிருந்தது.

"டீச்சருங்க... எம்பொண்ணு புஸ்தகம் குடுத்த வாரத்துலயே எல்லாத்தையும் படிச்சுப்போடுச்சுங்க. அப்பறம் சும்மாதான் உட்கார்ந்துட்டு வருதுங்க. டியூசனுக்கு அனுப்ப எங்களுக்கு வசதி பத்தாதுங்க. அதுக்குப் படிக்க வேற ஏதாச்சும் குடுத்தீங்கன்னா..."

சிலர் சிரித்துவிட்டார்கள். "நல்லாப் படிக்கிற புள்ளைக்கு என்னக்கா குறைச்சல்? படிக்காத புள்ளைகளைப் பத்திப் பேசுவோம்" என்றார் ஒருவர். அம்மா பேசாமல் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அரை நாள் கூலியும் போச்சு. வரும் வழியில் "நான் தப்பாப் பேசிட்டனா கண்ணு?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இரண்டு வருஷம் கழித்து இந்தக் கட்டுரையில்தான் பதில் சொல்கிறேன்: நீங்கள் தப்பாப் பேசலைம்மா!

நானும் மலர்தான், நானும் அரும்புதான்

ஏன் தப்பில்லை என்று சொல்ல என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் ஒன்றாவது சேர்ந்தது 2013-ல். செயல்வழிக் கற்றல் காலம். நம்மில் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஏணிப்படி, அட்டைகள், தரையோடு இருக்கும் கரும்பலகை, நாம் வரைந்ததைத் தொங்கவிடும் கம்பிப் பந்தல்! அவரவர் வேகத்தில் அவரவர் ஏணியில் ஏறலாம் என்பதுதான் அதன் தத்துவம். நான் வேகமாக ஏறினேன். உச்சிக்குப் போன பிறகு? அட்டை தீர்ந்துவிட்டது! அதற்கப்புறம் எனக்குக் கிடைத்தது 'லீடர்' பதவி. நோட்டு அடுக்குவது, சாக்பீஸ் வாங்கி வருவது, பேசுகிறவர்கள் பேரைப் போர்டில் எழுதுவது. பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் மூன்று வருஷம் நான் புதிதாகக் கற்றுக்கொண்டது கொஞ்சம்தான் என்று இப்போது தெரிகிறது.

ஆறாவது போனபோது 2018. புதிய பாடத்திட்டம் வந்த முதல் வருஷம். ஒன்று, ஆறு, ஒன்பது, பதினொன்று ஆகிய நாலு வகுப்புக்கும் புதுப் புத்தகம். கலர் படம், கியூ.ஆர். கோடு எல்லாம் வைத்து வந்தது. வீட்டில் ஸ்மார்ட் போன் இல்லாததால் அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அப்புறம் கொரோனா. எட்டாவதில் ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடம் போகவில்லை. 2021 செப்டம்பரில் ஒன்பதாவதில் போய் உட்கார்ந்தபோது அல்ஜீப்ரா எனக்கு அரபி மாதிரி இருந்தது. 'மீத்திறன் மாணவன்' என்று இருந்தவன் 'மெல்லக் கற்கும் மாணவன்' ஆகிவிட்டேன். பத்தாவதில் மினிமம் மெட்டீரியலை மனப்பாடம் பண்ணித்தான் பாஸ் பண்ணினேன். இங்கே வந்து முதல் வருஷமே எம்-1 பேப்பரில் அரியர். அதை எத்தனை முறை எழுதினேன் என்று என் பெஞ்ச் தோழர்களைக் கேட்டால் சொல்வார்கள்!

ஆக, வேகமான பிள்ளை, மெதுவான பிள்ளை என்று பிறவியிலேயே இரண்டு ஜாதி இல்லை தோழர்களே. ஒரே பையன் ஒரு வகுப்பில் மலர், இன்னொரு வகுப்பில் அரும்பு. தமிழில் மலர், கணக்கில் அரும்பு. இரண்டு இடத்திலும் அவனுக்குத் தேவை ஒன்றே ஒன்றுதான். அவன் நிற்கிற படிக்கு அடுத்த படி!

எப்போதும் இதே சண்டை

புதுப் பாடத்திட்டம் வரும்போதெல்லாம் பெற்றோர் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். 2010-ல் ஒன்றாம், ஆறாம் வகுப்புக்குச் சமச்சீர்க் கல்வி வந்தது. அதுவரை ஸ்டேட் போர்டு, மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நாலு விதப் படிப்பு. எல்லோருக்கும் ஒன்று என்றதும் "எங்கள் பிள்ளைகளின் தரம் குறைந்துவிடும்" என்றார்கள் மெட்ரிக் பெற்றோர்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய் 2011 ஆகஸ்டில்தான் தீர்ப்பு வந்தது. அதுவரை இரண்டு மாதம் பிள்ளைகள் புத்தகம் இல்லாமல் பள்ளிக்கூடம் போனார்கள். 2018-ல் அகில இந்தியத் தேர்வுகளுக்கு ஈடுகொடுக்கப் பாடத்தைக் கூட்டினால், "பாரம் தாங்க முடியவில்லை" என்று மறுபக்கத்திலிருந்து குரல்.

இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை. ஒரே அளவுச் சட்டையை எல்லோருக்கும் தைத்துவிட்டு, பெரிசா சின்னதா என்று பட்டிமன்றம் நடத்தினால் முடிவு எப்படி வரும்?

நம் லேத் ஷாப்பை எடுத்துக்கொள்வோம். எல்லோருக்கும் ஒரே இரும்புத் துண்டுதான் கொடுக்கிறார்கள். ஒருவன் ஃபேசிங், ஸ்டெப் டர்னிங் முடித்துவிட்டால் "மத்தவங்க முடிக்கிற வரைக்கும் கையைக் கட்டிட்டு நில்லு" என்றா சொல்கிறார் நம் சார்? டேப்பருக்கு டிராயிங்கைக் கொடுக்கிறார். டூலை உடைத்தவனை "நீ லேத்துக்கு லாயக்கில்லை" என்று துரத்துகிறாரா? பக்கத்தில் நின்று இன்னொரு தடவை செட் பண்ணச் சொல்கிறார். அங்கே யாருக்கும் யார் மேலும் பொறாமை இல்லை. இதே வழக்கம் ஒரு மூணாங்கிளாஸில் ஏன் இருக்கக் கூடாது?

இதை அப்பாவிடம் சொன்னேன். அப்பா சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன். "நான் நாலு தறி பாக்கறேன். ஒண்ணுல இழை அறுந்தா அதை நிறுத்தி முடி போடறேன். அதுக்காக மத்த மூணையும் நிறுத்துவனா? ஆனா ஒண்ணு... என்னைய பத்துத் தறி பாக்கச் சொன்னா எந்தத் துணியும் உருப்படாது."

தங்கை பள்ளியில் அஞ்சு வகுப்புக்கு இரண்டு டீச்சர். அதிலும் பாதி நேரம் செல்போனில் பதிவேற்றும் வேலை. திட்டம் நல்ல திட்டம்தான், டீச்சரும் நல்ல டீச்சர்தான். பத்துத் தறியை ஒரு ஆளிடம் கொடுத்தால் அவர் முதலில் அறுந்த இழையைத்தான் பார்ப்பார். ஓடுகிற தறி தானாக ஓடட்டும் என்று விட்டுவிடுவார். அந்தத் தறிதான் என் தங்கை!

யாருக்கு நஷ்டம்?

"கெட்டிக்காரப் பிள்ளை எப்படியும் பிழைத்துக்கொள்ளும்" என்பது வசதி உள்ள வீட்டுக்குச் சரி. அங்கே டியூசன் இருக்கிறது, கதைப் புத்தகம் இருக்கிறது, சொல்லித்தரப் படித்த அப்பா அம்மா இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் என்ன இருக்கிறது? தங்கைக்குப் பள்ளிக்கூடத்தை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. ஆகவே 'வேகமாகப் படிக்கிற பிள்ளையின் தேவை' என்பது பணக்காரர் பிரச்சினை என்று நினைத்தால் அது தப்பு. அது முதலில் ஏழை வீட்டுப் பிரச்சினை.

அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. எட்டாவதில் என்.எம்.எம்.எஸ். தேர்வு இருக்கிறது. தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய். மாவட்டந்தோறும் மாதிரிப் பள்ளிகள் இருக்கின்றன. ஆனால் அதுவும் ஒன்பதாம் வகுப்பிலிருந்துதான். மூணாங்கிளாஸில் பசிக்கிறவளுக்கு ஒன்பதாங்கிளாஸில் இலை போட்டால் எப்படி?

அதற்காகக் கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தனி செக்ஷனாகப் பிரிக்க வேண்டும் என்று மளிகைக்கடை அண்ணன் கேட்டால் அதையும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அப்படிப் பிரித்திருந்தால் ஒன்பதாவதில் என்னை எந்த செக்ஷனில் போட்டிருப்பார்கள்? அங்கிருந்து நான் இங்கே வந்திருப்பேனா? பெயர்ப் பலகை பயிற்சி நூலுக்கு இருக்கட்டும், பிள்ளையின் நெற்றியில் ஒட்ட வேண்டாம். நன்றாகப் படிக்கிற பிள்ளை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் நல்லதுதான். அரை மணி நேரம் செய்யட்டும். நாள் பூராவும் செய்தால் அதற்குப் பேர் சம்பளமில்லாத வேலை!

நாம் என்ன செய்யலாம்?

அந்தக் கூட்டத்துக்கு அடுத்த வாரம் டீச்சர் தானாகவே தங்கையைக் கூப்பிட்டு அலமாரியிலிருந்து நாலு கதைப் புத்தகம் எடுத்துக் கொடுத்தாராம். நாலாவது போனதும் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் கிடைத்தன. நுழை, நட, ஓடு, பற என்று நாலு நிலை. 'பற' வரைக்கும் அவள் பறந்துவிட்டாள். ஆக, அம்மா அன்றைக்கு எழுந்து நின்றது வீண் போகவில்லை. ஒரு பெற்றோர் வாய் திறந்ததற்கே இவ்வளவு பலன்!

ஆனால் மதியம் மூன்று மணிக்குக் கூட்டம் போட்டால் கூலிக்குப் போகிற அம்மாக்கள் எப்படி வருவார்கள்? வருகிறவர்களும் எப்படிப் பேசுவார்கள்? இங்கேதான் நம் வேலை இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் அந்தப் பள்ளிகளில் படித்தவர்கள். தம்பி, தங்கைகளை அங்கே வைத்திருப்பவர்கள். லீவில் ஊருக்குப் போகும்போது ஒரு கூட்டத்துக்குப் போவோம். மூன்றே மூன்று கேள்வி கேட்போம். வகுப்புக்கு ஒரு டீச்சர் எப்போது வருவார்? படிக்கத் திணறுகிற பிள்ளைக்குக் கீழ்ப்படி இருக்கிறதா? படித்து முடித்த பிள்ளைக்கு மேல்படி இருக்கிறதா? மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். ஒன்றை மட்டும் கேட்டால் மறுபடியும் சண்டைதான் மிஞ்சும்.

தங்கை இப்போது அஞ்சாவது. போன மாதம் என்னிடம் கேட்டாள். "அண்ணா, லேத்துல இரும்பு சீவினா ஒரு நேரம் சுருளா வருது, ஒரு நேரம் தூளா வருதுன்னு சொன்னியே, அது ஏன்?" எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மறுநாள் சாரிடம் கேட்டுத்தான் போய்ச் சொன்னேன். மைல்ட் ஸ்டீல் வளைந்து கொடுக்கும், அதனால் சுருள். வார்ப்பிரும்பு நொறுங்கும், அதனால் தூள். கேட்டுவிட்டு, "அப்ப தறியில இருக்கறது எந்த இரும்பு?" என்றாள். இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு தறிப் பட்டறைக்குப் போய் மூணு பேரும் பார்க்கப் போகிறோம்.

மலரும் வாடாமல், அரும்பும் கருகாமல் பார்த்துக்கொள்வது நம் கையிலும் இருக்கிறது. சிந்திப்போம் தோழர்களே!